தண்ணீர்ச் சட்டமும் நம் ஊர்த் தண்ணீரும்: வாசகர் கேள்வி – பதில்

1974ஆம் ஆண்டின் தண்ணீர் (மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தை நாடாளுமன்றம் 2024 பிப்ரவரியில் திருத்தியது. இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றில் மட்டும் முதலில் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்தை, மற்ற மாநிலங்கள் சட்டமன்றத் தீர்மானம் போட்டு ஏற்கலாம். அந்தத் திருத்தத்தைப் பற்றியும், மாநிலம் தன் கையால் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

*

கேள்வி: சாயக்கழிவை ஆற்றில் விடுகிறவர்களுக்கு இப்போதுள்ள சட்டம் போதவில்லை. நம் சட்டமன்றமே அந்த 1974 சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கலாமே? (வாசகர், காங்கேயம்)

பதில்: முடியாது. தண்ணீர் என்பது அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 17ஆவதாக வருகிறது. ஆகவே நாடாளுமன்றம் பொதுவாக அதில் சட்டம் இயற்ற முடியாது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களின் சட்டமன்றங்கள் கேட்டுக்கொண்டு தீர்மானம் போட்டால் மட்டும் இயற்றலாம் என்று 252ஆவது பிரிவு வழிவிடுகிறது. 12 மாநிலங்கள் அப்படிக் கேட்டதால் வந்ததுதான் 1974 சட்டம். தமிழ்நாடு அந்தப் பன்னிரண்டில் இல்லை. பிறகு ஏற்றுக்கொண்டது. நம் மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்று அமைக்கப்பட்டது.

அதே 252ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை. இந்த வழியில் வந்த சட்டத்தை, அதை ஏற்ற மாநிலத்தின் சட்டமன்றம் திருத்தவோ நீக்கவோ கூடாது. மாற்ற வேண்டுமானால் மறுபடி நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். மாநிலம் அதை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். 1974க்கு முன்னால் ஒடிசாவுக்கு 1953லும் மகாராஷ்டிரத்துக்கு 1969லும் சொந்தமாகத் தண்ணீர் மாசுச் சட்டங்கள் இருந்தன. அந்த உரிமை ஏற்புத் தீர்மானத்தோடு போய்விடுகிறது.

இதனால் ஒரு நடைமுறை விளைவு உண்டு. சட்டமன்றத்துக்கு வருவது மசோதா அல்ல, தீர்மானம். பிரிவு பிரிவாகத் திருத்தம் கொடுக்க முடியாது. இந்தப் பிரிவு வேண்டும், அந்தப் பிரிவு வேண்டாம் என்று பொறுக்கி எடுக்கவும் முடியாது. ஆளுநர் ஒப்புதலும் தேவையில்லை. ஒரே நாளில் முடிந்துவிடக்கூடிய காரியம். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.விடம் மனு கொடுப்பதானால் கூட்டத்தொடருக்கு முன்னால் கொடுங்கள். தீர்மானம் நிறைவேறிய பிறகு கொடுக்கும் மனுவால் பயனில்லை.

*

கேள்வி: 2024 திருத்தத்தில் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? (வாசகி, ஈரோடு)

பதில்: பெரும்பகுதி உண்மை. பழைய சட்டத்தில், வரம்பை மீறிய கழிவை ஆற்றிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ தெரிந்தே விட்டால் ஒன்றரை ஆண்டு முதல் ஆறு ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். திருத்தத்தில் அந்தச் சிறை போய்விட்டது. 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் மட்டும். வாரியத்துக்குத் தகவல் தராமை போன்ற சிறு குற்றங்களுக்கு இருந்த மூன்று மாதச் சிறையும் போய், இதே அபராதம் வருகிறது. அளவுமானிகளில் கைவைத்தாலும் இதே தொகைதான்.

இசைவாணை (மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி) வாங்காமல் தொழிற்சாலை நிறுவுவதற்கும் ஓட்டுவதற்கும் ஆறு ஆண்டு வரையிலான சிறை அப்படியே இருக்கிறது. ஆக, தாள் இல்லாமல் ஆலை நடத்தினால் சிறை. தாளை வைத்துக்கொண்டு ஆற்றைக் கெடுத்தால் பணம். இந்த ஏற்றத்தாழ்வுதான் எங்களை உறுத்துகிறது. நொய்யலையும் பாலாற்றையும் கெடுத்ததில் இசைவாணை வைத்திருந்த ஆலைகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

மற்ற மாற்றங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். அபராதத்தை நீதிமன்றம் விதிக்காது. மாநில அரசுச் செயலாளர் அல்லது மத்திய அரசின் இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத ஒரு அதிகாரி விசாரித்து விதிப்பார். அதன் மேல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போகலாம், ஆனால் அபராதத்தில் 10 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். மாநில வாரியத் தலைவரை எப்படி நியமிப்பது என்ற முறையை மத்திய அரசு வகுக்கும். சில வகைத் தொழில்களுக்கு இசைவாணையே வேண்டாம் என்று மத்திய அரசு விலக்கும் அளிக்கலாம். அரசுத் துறை தவறு செய்தால் துறைத் தலைவருக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளம் அபராதம். உள்ளாட்சிகளின் கழிவுநீர் எத்தனை ஆறுகளில் நேராக விழுகிறது என்பதை நினைத்தால் இந்தக் கடைசி ஏற்பாடு மிகவும் இலேசானது.

உங்கள் ஊர் வழக்குக்கு எது பொருந்தும் என்பதற்கு இரண்டு தேதிகளைப் பாருங்கள்: உங்கள் மாநிலத்தில் ஏற்புத் தீர்மானம் நிறைவேறிய நாள், கழிவு விடப்பட்ட நாள். தீர்மானம் நிறைவேறாத வரை, அந்த மாநிலத்தில் பழைய சட்டமும் அதன் சிறைத் தண்டனையும் உயிரோடுதான் இருக்கின்றன.

*

கேள்வி: 15 லட்சம் அபராதம் என்பது சிறிய சாயப்பட்டறைக்குப் பெரிய தொகைதானே? பத்து ஆண்டு வழக்கு நடத்திச் சிறைக்கு அனுப்ப முடியாமல் போவதைவிட இது மேல் இல்லையா? (வாசகர், கரூர்)

பதில்: நியாயமான கேள்வி. சிறை என்று சட்டத்தில் எழுதியிருந்தும் தண்டனை அரிதாகவே கிடைத்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அபராதத்தை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த அபராதம் தவிர, சுற்றுச்சூழல் இழப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் அதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறது. ஐந்து எண்களைப் பெருக்க வேண்டும்: மாசுக் குறியீடு (அதிகம் மாசுபடுத்தும் சிவப்பு வகைத் தொழிலுக்கு 80, ஆரஞ்சுக்கு 50, பச்சைக்கு 30), மீறல் நடந்த நாட்கள், ரூபாய்க் காரணி (100 முதல் 500 வரை, பரிந்துரை 250), ஆலையின் அளவு (சிறியது 0.5, நடுத்தரம் 1, பெரியது 1.5), இடத்தின் மக்கள்தொகைக் காரணி (10 லட்சத்துக்குள் 1). சிவப்பு வகையிலுள்ள ஒரு சிறிய சாயப்பட்டறை 100 நாள் மீறியது என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 80 × 100 × 250 × 0.5 × 1 = 10 லட்சம் ரூபாய். நாளைக்குப் பத்தாயிரம். பெரிய ஆலையானால் அதே 100 நாளுக்கு 30 லட்சம்.

அதாவது, பெரிய ஆலை 50 நாள் மீறினாலே இழப்பீட்டுக் கணக்கு 15 லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. அபராதத்தின் உச்சவரம்போ ஆலை சிறிதானாலும் பெரிதானாலும் ஒன்றுதான். சிறியவருக்கு அது கழுத்தை நெரிக்கும். பெரியவருக்கு, கழிவுநீரை ஆவியாக்கும் எந்திரத்தை ஓட்டும் விறகுச் செலவைவிடக் குறைவாக இருக்கலாம். அபராதம் எப்போதும் சுத்திகரிப்புச் செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அது தலைகீழானால் அபராதம் கட்டணமாக மாறிவிடும்.

நல்ல செய்தி ஒன்று: இழப்பீட்டை வாரியமே விதிக்கலாமா என்ற நீண்ட சந்தேகத்தை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 4 அன்று தீர்த்துவைத்தது. தண்ணீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின்படி, சீரமைப்புக்கும் ஈடுசெய்வதற்கும் ஆன தொகையை வாரியங்கள் விதிக்கலாம். கெடுதல் நடக்கும் முன்பே வங்கி உத்தரவாதமும் கேட்கலாம். ஆகவே ஏற்புத் தீர்மானம் வந்தாலும் வராவிட்டாலும், உங்கள் மனுவில் 33ஏ பிரிவைக் குறிப்பிட்டு இழப்பீடு கேளுங்கள். மின் இணைப்பையும் தண்ணீர் இணைப்பையும் துண்டிக்க உத்தரவிடுவதும் இதே பிரிவில்தான் இருக்கிறது.

*

கேள்வி: அப்படியானால் மாநில அரசின் கையில் ஒன்றுமே இல்லையா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: நிறைய இருக்கிறது, அதில் பலவற்றுக்குச் சட்டமன்றம்கூட வேண்டாம்.

முதலாவது, தூரக் கட்டுப்பாடு. 1989 மார்ச் 30 தேதியிட்ட அரசாணை 213, நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழில்கள் வருவதைத் தடுத்தது. 1998 மே 8 தேதியிட்ட அரசாணை 127, காவிரியும் அதன் கிளையாறுகளும், பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்கு அந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டராக்கியது. புதிதாக ஆலை வருகிறது என்று கேள்விப்பட்டால் முதலில் இந்தத் தூரத்தை அளந்து பாருங்கள்.

இரண்டாவது, வரம்பு. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986இன் 3(2) விதிப்படி, கழிவு சென்று சேரும் ஆற்றின் நிலையைப் பார்த்து, மத்திய அரசின் வரம்பைவிடக் கடுமையான வரம்பை ஒரு தொழிலுக்கு மாநில வாரியம் விதிக்கலாம். ஒரே நிபந்தனை: காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். தளர்த்துவதற்கு இந்த விதியில் இடமில்லை, இறுக்குவதற்கு மட்டுமே.

மூன்றாவது, மாநிலத்தின் சொந்தச் சட்டங்கள்: 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், 1994 ஊராட்சிகள் சட்டம், நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம். செப்டிக் டேங்க் லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று தமிழ்நாடு கொண்டுவந்தது உள்ளாட்சிச் சட்டம் வழியாகத்தான். சாயக்கழிவு அளவுக்கு இது பேசப்படுவதில்லை. ஆனால் ஊர் எல்லையில் ஓடையில் இரவோடு இரவாக இறக்கப்படும் ஒவ்வொரு லாரி மலக்கழிவும் கீழே உள்ள கிணறுகளுக்கு நேரடிக் கேடு.

புதிய தனிச் சட்டம் இயற்றுவது கடினமான வழி. கேரளம் முயன்று பார்த்தது. பாலக்காடு மாவட்டம் பிளாச்சிமடாவில் கோகோ கோலா ஆலை 2000 முதல் 2004 வரை ஓடியது. அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. இழப்பு 216.26 கோடி ரூபாய் என்று மாநில அரசின் உயர்நிலைக் குழு ஏற்கெனவே கணக்கிட்டிருந்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போன அந்த மசோதா ஒப்புதல் இல்லாமல் திரும்பி வந்தது.

*

கேள்வி: எங்கள் கிணற்று நீரில் டி.டி.எஸ். 2,000 இருக்கிறது. அருகிலுள்ள ஆலை தன் கழிவு 2,100 என்ற வரம்புக்குள்தான் இருக்கிறது என்கிறது. வரம்புக்குள் இருந்தும் சின்ன வெங்காயம் ஏன் எழும்ப மாட்டேன் என்கிறது? (விவசாயி, பல்லடம் அருகே)

பதில்: லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு (அதுதான் டி.டி.எஸ்.) என்பது கழிவை ஆற்றில் விடுவதற்கான வரம்பு. ஆற்று நீரோடு கலந்து நீர்த்துப்போகும் என்ற நம்பிக்கையில் வைத்தது. அது குடிப்பதற்கான அளவும் அல்ல, வெங்காயத்துக்குப் பாய்ச்சுவதற்கான அளவும் அல்ல. குடிநீருக்கு ஏற்கத்தக்கது 500. வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது.

பயிருக்கு மின்கடத்துதிறனில் கணக்குப் பார்ப்பார்கள். டி.டி.எஸ்.ஸை 640ஆல் வகுத்தால் ஏறக்குறைய அந்த எண் வரும். 2,100ஐ வகுத்தால் 3.3. பாசன நீருக்கு 3க்கு மேல் போனாலே கடும் கட்டுப்பாடு தேவை என்பது உலக உணவு வேளாண் அமைப்பின் வரையறை. வெங்காயம் இன்னும் மென்மையானது: பாசன நீரில் 0.8 வரை முழு விளைச்சல், 1.8இல் முக்கால், 2.9இல் பாதி. உங்கள் கிணறு 3.1இல் நிற்கிறது. பாதி விளைச்சலுக்கும் கீழே போவது உங்கள் விவசாயத்தின் குறை அல்ல.

மண்ணில் சேரும் உப்பையும் கணக்குப் போடுங்கள். ஒரு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தண்ணீர் பாய்ச்சினால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 2.1 கிராம் என்றால் 425 கிலோ உப்பு. பத்துத் தண்ணீருக்கு நான்கு டன்னுக்கு மேல். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு நிலத்திலேயே தங்கும்.

ஜிப்சம் போட்டால் சரியாகுமா என்று பலரும் கேட்கிறார்கள். சோடியம் ஏறி மண் இறுகி, தண்ணீர் உறிஞ்சாமல் நிற்கிற நிலத்துக்கு ஜிப்சம் உதவும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனையில் வரும் சோடியம் அளவை வைத்துத்தான் சொல்ல முடியும். மொத்த உப்பு ஏறியிருந்தால் ஜிப்சத்தால் பயனில்லை. நல்ல தண்ணீரோ மழைநீரோ தேங்கி, உப்பைக் கரைத்துக் கீழே வடித்துக்கொண்டு போக வேண்டும், அதற்கு வடிகாலும் வேண்டும். அதுவரை வெங்காயம், பீன்ஸ் போன்றவற்றை விட்டு உப்பைத் தாங்கும் பயிர்களுக்குப் போவதுதான் இழப்பைக் குறைக்கும். கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கையை ஆண்டுக்கு இரண்டு முறை, கோடையிலும் மழைக்குப் பின்னும், எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு கேட்கும் நாளில் அதுதான் பேசும்.

*

கேள்வி: ஓடையில் கலர் தண்ணீர் வருகிறது. நாங்களே பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்தால் செல்லுமா? (இளைஞர் மன்றத்தினர், பவானி)

பதில்: ஆலைமேல் வழக்கு நடத்தப் போதாது. ஆனால் வாரியத்தை அசைக்க மிகவும் உதவும். இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள்.

நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் தண்ணீர்ச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி வாரிய அதிகாரியே மாதிரி எடுக்க வேண்டும். ஆய்வுக்கு எடுக்கிறேன் என்று ஆலைக்காரரிடம் அப்போதே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாத்திரத்திலும் அடையாளமிட்டு, முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போகும். ஆலைக்காரர் கேட்டால் மற்றொன்று அரசின் ஆய்வகத்துக்குப் போகும். இந்த வரிசையில் ஒரு படி விட்டுப்போனாலும் வழக்கு அங்கேயே சரியும். ஆகவே அதிகாரி வரும்போது பக்கத்தில் நின்று, இரண்டாகப் பிரித்தார்களா, முத்திரை வைத்தார்களா என்று பாருங்கள். தேதி, நேரம் போட்டுப் படம் எடுங்கள்.

நீங்கள் எடுக்கும் மாதிரிக்கு இதைக் கடைப்பிடியுங்கள். மூன்று இடத்தில் எடுங்கள்: கழிவு விழும் இடத்துக்கு மேலே, விழும் வாயிலிலேயே, நன்றாகக் கலந்த பிறகு கீழே. மேலே எடுத்த மாதிரி இல்லாவிட்டால், ஏற்கெனவே கெட்ட தண்ணீர்தான் வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டு லிட்டர் புதுப் பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று இடைவெளி இல்லாமல் நிரப்புங்கள். குளிர்பான பாட்டில் வேண்டாம். ஒட்டியிருக்கும் சர்க்கரையே முடிவைக் கெடுக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்குத் தனிக் கண்ணாடி பாட்டில், அதை அலசக்கூடாது; எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். குரோமியம் போன்ற உலோகங்களுக்குத் தனி பாட்டில். அதில் சில துளி நைட்ரிக் அமிலம் விட்டுத் தரச்சொல்லி ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில் மட்டும். வாய்ப்பகுதியில் கை படக்கூடாது, மேலே ஓர் அங்குலம் காலியாக விட வேண்டும். எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள். வெயிலில் கிடந்தால் கரிமக் கழிவு பாட்டிலுக்குள்ளேயே சிதைந்து, பி.ஓ.டி. (அந்தக் கழிவு சிதையத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) குறைவாகக் காட்டும். அது ஆலைக்குத்தான் சாதகம்.

போர்வெல் நீரானால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீரைப் பிடித்துப் பயனில்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் பொதுமக்கள் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

*

கேள்வி: வாரியத்தில் மனு கொடுத்தோம், பதில் இல்லை. அடுத்து என்ன? (வாசகி, ஆம்பூர்)

பதில்: மூன்று கதவுகள் உண்டு.

முதலாவது, தண்ணீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவின்படி ஒவ்வொரு இசைவாணையின் நிபந்தனைகளும் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தக் கழிவு வாயிலால் பாதிக்கப்படுகிற எவரும் அலுவலக நேரத்தில் அதைப் பார்க்கலாம். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள்; 30 நாளில் பதில் வர வேண்டும். நிபந்தனையைப் படிக்காமல் மனு எழுதாதீர்கள். 'நாற்றம் அடிக்கிறது' என்ற மனுவைவிட, 'நிபந்தனைப்படி நாளைக்கு இத்தனை ஆயிரம் லிட்டர்தான். வெளியே வருவது அதைவிடக் கூடுதல்' என்ற மனுவுக்கு எடை அதிகம்.

இரண்டாவது, 49ஆவது பிரிவு. குற்றத்தையும், வழக்குத் தொடரும் எண்ணத்தையும் குறிப்பிட்டு, விதிகளில் உள்ள படிவத்தில் வாரியத்துக்கு 60 நாள் அறிவிப்புக் கொடுங்கள். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. 60 நாள் கழிந்தும் வாரியம் அசையாவிட்டால் நீங்களே முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் புகார் செய்யலாம். நீங்கள் கேட்டால், தன்னிடமுள்ள ஆய்வு அறிக்கைகளை வாரியம் உங்களுக்குத் தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பொதுநலனுக்கு எதிரானது என்றால் மட்டுமே மறுக்கலாம்.

மூன்றாவது, சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. மாசைத் தடுக்கக் கோருவதற்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இழப்பீடு, சீரமைப்புக்கு ஐந்து ஆண்டு. இரண்டிலும் தக்க காரணம் காட்டினால் 60 நாள் கூடுதல். கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். அந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டுத்தான் பல நல்ல மனுக்கள் வீணாகின்றன. அலுவலகம் அலுவலகமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கும் காலத்திலும் அந்த நாட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஆம்பூரிலிருந்து கேட்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. 2025 ஜனவரி 30 தீர்ப்பில் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்றது. இடையில் 28 ஆண்டுகள். உங்கள் குடும்பத்துக்கு இழப்பீடு வராமல் இருந்தால் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியரிடம் இப்போதே எழுதுங்கள்.

*

கேள்வி: திருப்பூரில் 'பூஜ்யக் கழிவு' முறை வந்துவிட்டதே. பிறகும் ஏன் புகார்? (மாணவர், கோவை)

பதில்: நொய்யல் பாசனதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்று உத்தரவிட்டது; உச்ச நீதிமன்றம் 2009 அக்டோபரில் அதை உறுதிசெய்தது. நிறைவேற்றாததால் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எல்லாச் சாய ஆலைகளையும் மூடச் சொன்னது. அதன் பிறகுதான் முறை உண்மையில் வேர்பிடித்தது.

முறையின் அடிப்படை உப்பு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க, ஒரு லிட்டர் சாயநீருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர், லிட்டருக்கு 60 கிராம் என்றால் 480 கிராம். துணி அதை வைத்துக்கொள்வதில்லை. முழுவதும் கழிவில் வந்துவிடும். பாக்டீரியாத் தொட்டி சாயத்தையும் அழுக்கையும் தின்னும், உப்பைத் தின்னாது. அதனால் வடிகட்டி, ஆர்.ஓ.வில் செலுத்தி, 85 முதல் 90 சதவீதம் நல்ல நீராகத் திரும்பப் பெறுவார்கள். மீதி 10–15 சதவீதத்தில்தான் உப்பு முழுவதும் செறிந்து நிற்கும். அதை ஆவியாக்கி, படிகமாக்கி, சோடியம் சல்பேட்டை மறுபடி சாயத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்.

தவறுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பத்து சதவீதத்தில். நான்கு கட்ட ஆவியாக்கியில் ஒரு டன் நீராவி சுமார் மூன்று டன் தண்ணீரைத்தான் ஆவியாக்கும். செலவு முழுவதும் அங்கேதான். கடினத்தன்மையும் சிலிக்காவும் சரியாக எடுக்கப்படாவிட்டால் ஆர்.ஓ. படலத்தில் செதில் கட்டி மீட்பு குறையும். மீட்பு குறைந்தால் ஆவியாக்கிக்குச் சுமை ஏறும். அதன் குழாய்களிலும் செதில் கட்டும். அப்போதுதான் மழை இரவில் வால்வைத் திறக்கும் ஆசை வருகிறது. மறுபயன்பாட்டுக்கு உதவாத கலப்பு உப்பும் மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் சேர்கிறது; கூரை ஒழுகினால் அது மறுபடி மண்ணுக்கே போகும்.

இதைக் கண்டுபிடிக்க ஆற்றங்கரையில் இரவெல்லாம் காத்திருக்க வேண்டியதில்லை. உப்புக் கணக்குப் போதும். மாதத்தில் வாங்கிய உப்பு எவ்வளவு, மீட்ட உப்பு எவ்வளவு, கொட்டகையில் ஏறிய கலப்பு உப்பு எவ்வளவு? உப்பு ஆவியாகாது. கணக்கில் விடுபடும் ஒவ்வொரு டன்னும் நொய்யலுக்கோ நிலத்தடிக்கோ போயிருக்கிறது. ஆவியாக்கியின் மின்சாரமும் விறகும் எவ்வளவு செலவாயின என்பதை அதோடு வைத்துப் பார்த்தால் மறைக்கவே முடியாது. இந்த மாதாந்திர உப்புக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை வாரியம் இசைவாணையின் நிபந்தனையாகவே சேர்க்கலாம். அதற்கு நாடாளுமன்றமும் வேண்டாம், சட்டமன்றமும் வேண்டாம். எம்.எல்.ஏ.வுக்குக் கொடுக்கும் மனுவில் இந்த ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்.

*

கேள்வி: ஆலை தன் வளாகத்துக்குள்ளேயே கைவிட்ட போர்வெல்லில் கழிவை இறக்குகிறது. ஆற்றில் விடவில்லையே, சட்டம் பொருந்துமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: பொருந்தும். 24ஆவது பிரிவு ஓடை, கிணறு, சாக்கடை, நிலம் நான்கையும் சொல்கிறது. நிலத்தடி நீரும் ஓடை என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வருகிறது. சொந்த நிலம் என்பது விலக்கு அல்ல. இது மற்ற எல்லாவற்றையும்விடக் கேடானது. ஆற்றில் விட்டது அடுத்த வெள்ளத்தில் ஓரளவாவது போகும், பாறை இடுக்கில் இறக்கியது பல பத்தாண்டு தங்கும். சுற்றியுள்ள கிணறுகளின் நீர்ப் பரிசோதனையை இந்த வாரமே எடுத்துவிட்டு, 32, 33ஏ பிரிவுகளைக் குறிப்பிட்டு அவசர நடவடிக்கை கேட்டு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். கடிதத்தில் போர்வெல் இருக்கும் இடத்தை வரைபடமாகப் போட்டுக் காட்டுங்கள். அதிகாரி வரும் முன் அதை மூடி, மேலே சிமெண்ட் பூசிவிடுவது வழக்கம்.